யாருக்குப் போட்டே?

தேர்தல் முடிந்த மறுநாள் சேரிக்குள் ஒரு கேள்வி நுழையும். ‘யாருக்குப் போட்டே?’ களத்துமேட்டில் குடை பிடித்து நிற்கிற பண்ணைக்காரர் கேட்பார். ரேஷன் கடை வரிசையில் ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் கேட்பார். வட்டிக்குக் கொடுத்தவர் கேட்பார். இவர்கள் கேட்பது நமக்குப் புதிதில்லை. நம் தாத்தா காலத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் இதே கேள்வியை நம் பக்கத்துத் தோழர்களும் கேட்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. மன்றம் வைத்தவர்கள், அம்பேத்கர் படம் மாட்டியவர்கள், ராவோடு ராவாகச் சுவரெழுத்து எழுதியவர்கள் கேட்கிறார்கள். வந்த பதில் பிடிக்கவில்லை என்றால் ‘வெல போயிட்டானுங்க’ என்கிறார்கள். ‘இந்தச் சனங்க திருந்தாது’ என்கிறார்கள். கூடப் பிறந்தவனிடம் பேச்சை நிறுத்தியவர்கள் உண்டு. பெண் கொடுத்த வீட்டுக்குப் போக்குவரத்தை நிறுத்தியவர்கள் உண்டு.

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. தேர்தலில் யாருக்கு வாக்களித்தேன் என்று சொல்லும்படி எந்தச் சாட்சியையும், வேறு எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அது. கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கிக்கொண்டு நீதிபதிகூடக் கேட்டு வாங்க முடியாத பதில் அது. அதை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எந்த அதிகாரத்தில் கேட்கிறோம்?

அரசியல் கருத்தை உரக்கச் சொல்வது நம் உரிமை. அடுத்தவரிடம் ஓட்டுக்குக் கணக்குக் கேட்பது நம் உரிமை அல்ல. இது நாகரிகம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமில்லை. ஒரு நூற்றாண்டுக் கால தலித் அரசியலின் விஷயம். ஓட்டு நம் கைக்கு எப்படி வந்தது, வந்த பிறகு யார் யார் அதைப் பிடுங்கப் பார்த்தார்கள் என்று திரும்பிப் பார்த்தால் இது விளங்கும்.

வரி கட்டியவனுக்கே ஓட்டு

1919ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாண சபைக்கு ஓட்டுப் போட வேண்டுமானால் நிலவரியோ வீட்டுவரியோ வேறு வரியோ கட்டுகிறவராக இருக்க வேண்டும். நிலமே மறுக்கப்பட்டவன் எதற்கு நிலவரி கட்டுவான்? புறம்போக்கில் குடிசை போட்டவன் எந்த வீட்டுக்கு வரி கட்டுவான்? ஆக, சாதி பார்த்து ஓட்டு இல்லை என்று சட்டத்தில் எழுதாமலே சாதி பார்த்து ஓட்டு இல்லாமல் போயிற்று. அதனால்தான் சென்னைச் சட்டசபைக்கு நம் ஆட்கள் அப்போது நியமன உறுப்பினர்களாகப் போனார்கள். 1920இல் எம்.சி.ராஜா. 1923இல் ரெட்டமலை சீனிவாசன். நியமனம் என்றால் நம்மைக் கேட்டு அனுப்பியதல்ல. கவர்னர் பார்த்து உட்கார வைத்தது. அப்படி உட்கார வைத்த நாற்காலியிலிருந்துகொண்டே 1922இல் ஆதிதிராவிடர் என்ற பெயருக்கான தீர்மானத்தை ராஜா கொண்டுவந்தார். பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் நமக்குள்ள உரிமைக்கான தீர்மானத்தை 1924இல் சீனிவாசன் கொண்டுவந்தார்.

வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று 1928இல் சைமன் கமிஷன் முன்பு அம்பேத்கர் கேட்டார். அந்தக் காலத்தில் எதிர்த்தரப்பு திரும்பத் திரும்பச் சொன்ன வாதம் ஒன்றுதான். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஓட்டு எதற்கு? அவனுக்கு என்ன தெரியும்? யாராவது சொல்வதைக் கேட்டு அப்படியே போடுவான். 1935ஆம் ஆண்டுச் சட்டமும் சொத்தையும் படிப்பையும் விட்டுவிடவில்லை. ஓட்டுப் போடுகிறவர்களின் எண்ணிக்கையைக் கூட்டியதே தவிர, எல்லோருக்கும் தரவில்லை.

அரசியல் சட்டத்தின் 326ஆவது பிரிவு வந்த பிறகுதான் அந்த வேலி விழுந்தது. 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்த முதல் பொதுத்தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டவர்கள் வாக்காளர்கள். பண்ணையாளும் பண்ணையாரும் ஒரே பட்டியலில் வந்தார்கள். அப்போதும் ‘இன்னாருடைய பெண்டாட்டி’, ‘இன்னாருடைய மகள்’ என்று மட்டும் சொல்லித் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பெயர் இருந்தால்தான் ஓட்டு. ஓட்டு வந்தபோது அந்தப் பெண்ணுக்குத் தன் பெயரும் வந்தது என்று இதைப் பார்க்கலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘அவனுக்கு என்ன தெரியும், நாம சொல்லித்தான் போடணும்’ என்பது நமக்கு ஓட்டு வரக் கூடாது என்று நின்றவர்களின் வாதம். நம் தோழர்கள் சேரிச் சனங்களைப் பற்றி இன்று அதையே சொல்லும்போது, எந்த வாயிலிருந்து வந்த சொல்லைத் தாங்கள் எடுத்துப் பேசுகிறோம் என்று யோசிப்பதில்லை.

1932: இரண்டு பேர், இரண்டு முடிவு

நமக்குள் கருத்து வேறுபாடு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1932ஐவிடப் பெரிய பாடம் கிடையாது. லண்டன் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கரும் ரெட்டமலை சீனிவாசனும் நம் பிரதிநிதிகளாக உட்கார்ந்தார்கள். ராஜாவுக்கு அழைப்பில்லை. தனித்தொகுதி வேண்டும், அதாவது நம் பிரதிநிதியை நம் சனங்கள் மட்டுமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவர்கள் இருவரும் கேட்டார்கள். அதற்கு முன்பு தனித்தொகுதியின் பக்கம் நின்ற எம்.சி.ராஜா, 1932 தொடக்கத்தில் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு கூட்டுத்தொகுதியில் ஒதுக்கீட்டு இடம் போதும் என்றார்.

இரண்டு பக்கத்திலும் காரணம் இருந்தது. கூட்டுத்தொகுதியில் சாதி இந்துக்களின் ஓட்டுத்தான் பெரும்பான்மை. தங்களுக்குப் பணிந்து போகிற தலித்தை அவர்களே பார்த்துப் பொறுக்கி எடுத்துக்கொள்வார்கள். பேருக்கு நம் ஆள், வேலைக்கு அவர்கள் ஆள். இது அம்பேத்கர், சீனிவாசன் தரப்பு. ஒவ்வொரு கிராமத்திலும் சிறுபான்மையாகச் சிதறிக் கிடக்கிறோம், தனியே ஒதுங்கினால் நம்மை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், சாதி இந்து வேட்பாளனும் ஓட்டுக்காக நம் தெருவுக்கு வந்தாக வேண்டும் என்றால்தான் நமக்கு மதிப்பு. இது ராஜா தரப்பு.

1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு நமக்குத் தனித்தொகுதி கொடுத்தது. அதோடு பொதுத்தொகுதியிலும் ஓட்டுப் போடலாம் என்றது. அதைத்தான் இரட்டை வாக்குரிமை என்கிறோம். காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தனித்தொகுதி போயிற்று. மாகாண சபைகளில் நமக்குத் தீர்ப்பில் இருந்த 71 இடம் 148 ஆயிற்று. சென்னை மாகாணத்தில் 18 இடம் 30 ஆயிற்று. இடம் கூடியது, இடத்துக்கு யார் போவது என்ற முடிவு கை மாறியது. நான்கு பேரை நம் ஓட்டர்கள் முதலில் தேர்ந்தெடுக்கலாம், அந்த நால்வரில் ஒருவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள் என்று ஒரு ஏற்பாடு வைத்தார்கள். அதற்கும் பத்தாண்டுதான் ஆயுள். அந்த ஒப்பந்தத்தில் அம்பேத்கர் கையெழுத்தும் இருக்கிறது, சீனிவாசன் கையெழுத்தும் இருக்கிறது, ராஜா கையெழுத்தும் இருக்கிறது.

நம் கூட்டங்களில் ராஜாவின் பெயரைச் சொன்னால் மூஞ்சே ஒப்பந்தத்தோடு பேச்சை முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘துரோகி’ என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் கணக்கு. ஆனால் வரலாறு அங்கே நிற்கவில்லை. 1938இல் சென்னைச் சட்டசபையில் ராஜா கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். ராஜாஜி அரசு எதிர்த்தது. மசோதா தோற்றது. ராஜா காந்திக்கு எழுதினார். ராஜாஜியை நம்புங்கள் என்கிற தோரணையில்தான் பதில் வந்தது. யாரை நம்பிக் கூட்டுத்தொகுதிக்குப் போனாரோ அவர்களே கதவைச் சாத்தினார்கள். 1942 மார்ச் 30 அன்று கிரிப்ஸ் தூதுக்குழுவைச் சந்திக்க அம்பேத்கரும் எம்.சி.ராஜாவும் சேர்ந்தே போனார்கள்.

பத்து வருஷத்துக்கு முன் எதிரெதிரே நின்ற இரண்டு பேர். இடையில் கடுமையான சொற்கள் போய்வந்திருக்கின்றன. ஆனால் திரும்பி வர முடியாதபடி வழியை யாரும் அடைக்கவில்லை. அம்பேத்கர் ராஜாவின் நிலைப்பாட்டை எதிர்த்ததில் ஒரு சொட்டுக்கூடத் தண்ணீர் கலக்கவில்லை. எதிர்ப்பதும் ஆளையே அழித்துவிடுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதுதான் நம் சொந்த வரலாற்றிலிருந்து கிடைக்கிற சாட்சி. 1932இல் யார் சொன்னது சரி என்று இன்றும் வாதாடலாம், வாதாட வேண்டும். இந்தக் கட்டுரையாளரின் பக்கம் அம்பேத்கர், சீனிவாசன் பக்கம்தான். அதற்காக ராஜாவை நம் முன்னோர் வரிசையிலிருந்து எடுத்து எறிய வேண்டியதில்லை.

பெட்டியும் மறைப்பும்

ஓட்டு ரகசியம் என்பது முதல் நாளே முழுதாக வந்துவிடவில்லை. 1937 தேர்தலில் சென்னை மாகாணத்தில் கலர் பெட்டிகள். காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. 1952இல் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டி மேல் சின்னம். மறைப்புக்குள் போய் எந்தப் பெட்டியில் வேண்டுமோ அதில் சீட்டைப் போட வேண்டும். சீட்டில் எந்த அடையாளமும் வைக்க வேண்டியதில்லை என்பதால், பெட்டியில் போடாமல் மடியில் ஒளித்துக்கொண்டு வெளியே வந்து விற்றுவிட வழி இருந்தது. 1962 பொதுத்தேர்தலில்தான் ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களையும் அச்சடித்து முத்திரை குத்துகிற முறை நாடு முழுக்க வந்தது.

1952இலும் 1957இலும் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. பொது இடத்துக்கு ஒருவர், ஒதுக்கீட்டு இடத்துக்கு ஒருவர். ஓட்டருக்கு இரண்டு ஓட்டு. வடக்கு பம்பாய்த் தொகுதியில் அம்பேத்கர் நின்றார். 14,561 ஓட்டில் தோற்றார். அங்கே 74,333 ஓட்டுகள் செல்லாமல் போயின. ஓட்டை வீணாக்கும்படி எதிரணித் தலைவர்கள் பிரச்சாரம் செய்தார்கள் என்று சொல்லி அவரும் அசோக் மேத்தாவும் தேர்தல் வழக்குப் போட்டார்கள். வழக்கு தள்ளுபடியானது. ஆனால் அவர் குற்றம் சாட்டியது யாரை என்று பாருங்கள். மேடை போட்டுப் பேசிய தலைவர்களை. மறைப்புக்குள் போய் வந்த மில் தொழிலாளியை அல்ல.

அடுத்து வந்த மாற்றத்தைப் பலர் கவனிக்கவில்லை. ஓட்டுச்சீட்டுக் காலத்தில், ஒரு பகுதியை மிரட்டுவார்கள் என்று சந்தேகம் இருந்தால் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணச் சொல்லித் தேர்தல் ஆணையம் உத்தரவிட விதி இருந்தது. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று தெரியாது. 2004 மக்களவைத் தேர்தலிலிருந்து நாடு முழுவதும் மின்னணு இயந்திரம். இயந்திரத்துக்கு இயந்திரம் தனித்தனி எண்ணிக்கை. சாவடிவாரிக் கணக்கு வெளியே வந்துவிடுகிறது. ஊரைத் தாண்டிப் போய் ஓட்டுப் போட முடியவில்லை, எங்கள் தெருவிலேயே சாவடி வையுங்கள் என்று பல இடங்களில் நாம் போராடிக் கேட்டோம். சாவடி வந்தது. அதோடு சேரியின் ஓட்டு எத்தனை, யாருக்கு என்று ஊர்க்காரன் விரல் விட்டு எண்ணுகிற நிலைமையும் வந்தது. ஆள் ரகசியமாக இருக்கிறான், தெரு அம்மணமாக நிற்கிறது.

பல இயந்திரங்களின் ஓட்டை ஒன்றாகக் கூட்டிக் காட்டுகிற ‘டோட்டலைசர்’ என்ற கருவியைப் பயன்படுத்தலாம் என்று 2008இல் தேர்தல் ஆணையமே யோசனை சொன்னது. 2015இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. 2019 தேர்தல் பிரச்சாரத்தில் உத்தரப்பிரதேசத்தில் ஓர் ஒன்றிய அமைச்சரே, எந்த ஊரில் எத்தனை சதவீதம் ஓட்டு விழுகிறது என்று பார்த்து ஏ, பி, சி, டி என்று ஊர்களைத் தரம் பிரித்து அந்த வரிசையில்தான் வேலை செய்து தருவோம் என்று பேசினார். தேர்தல் ஆணையம் எச்சரித்தது. இவர்கள் மேடையில் சொல்லிவிட்டார்கள். சொல்லாமல் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்பது சேரிக்குத் தெரியும்.

அடி விழுந்த இடங்கள்

‘நான் சொல்றவனுக்குப் போடு’ என்ற குரலுக்குப் பணியாத இடங்களில் என்ன நடந்தது என்று அதிகம் விளக்க வேண்டியதில்லை. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுபடி தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று அவரையும் உடன் வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 2006 வரைக்கும் பத்து வருஷம் ஒரு தலித் தலைவர் நிலைத்து உட்கார முடியவில்லை. மனுப் போடாதே என்றார்கள். போட்டுத்தான் ஆக வேண்டும் என்று அரசு நெருக்கியபோது தாங்களே ஒரு தலித்தை நிறுத்தி, ஜெயிக்க வைத்து, கையோடு ராஜினாமா எழுதி வாங்கினார்கள். அப்படி எழுதிக் கொடுத்தவரையும் நம்மில் பலர் துரோகி என்றோம். அவர் குடிசைக்கும் ஊர்த்தெருவுக்கும் நடுவே எத்தனை அடி தூரம் என்று யாராவது அளந்து பார்த்தோமா?

1999இல் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் திருமாவளவன் நின்றார். அதுவரை தேர்தல் புறக்கணிப்பைச் சொல்லிவந்த விடுதலைச் சிறுத்தைகளுக்கு அதுதான் முதல் தேர்தல். ஓட்டுப்பதிவு நாளில் கடலூர் மாவட்டச் சேரிகளில் குடிசைகள் எரிந்தன. பலர் சாவடிப் பக்கமே போக முடியவில்லை. இருபது வருஷம் கழித்து, 2019 ஏப்ரல் 18 அன்று அதே தொகுதியில் பொன்பரப்பி. அவர் சின்னம் பானை. அதை அவமதிக்கிற மாதிரிப் பானையை உடைத்ததில் தொடங்கிய தகராறு தலித் குடியிருப்பில் வீடுகளை அடித்து நொறுக்குவதில் போய் முடிந்தது. இயந்திரம் வந்துவிட்டது, கைவிரலில் மை வைக்கிற முறை மாறவில்லை, அடிக்கிற கையும் மாறவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. ஓட்டுக்காகச் சமூக விலக்கம் செய்வேன், சாதியிலிருந்து தள்ளி வைப்பேன் என்று மிரட்டுவதைத் தேர்தல் முறைகேடு என்கிறது 1951ஆம் ஆண்டுச் சட்டம். தலித்தையோ பழங்குடியினரையோ ஓட்டுப் போடாதே என்றோ, இன்னாருக்குத்தான் போட வேண்டும் என்றோ மிரட்டுவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். இந்தச் சட்டங்கள் எதைக் காப்பாற்றுகின்றன? தலித் கட்சிக்கு விழுகிற ஓட்டை மட்டுமா? இல்லை. ஒரு தலித் யாருக்குப் போட நினைக்கிறாரோ அவருக்குப் போடுகிற உரிமையை. அந்த ஓட்டு நம் சின்னத்துக்கு விழுந்தாலும் விழாவிட்டாலும்.

ஒரே தெருவுக்குள் எத்தனை கொடி

‘ஒரே சாதி, ஒரே ஓட்டு’ என்று எதிர்பார்க்கிற தோழர்கள் ஒரு தெருவின் கொடிக்கம்பங்களை எண்ணிப் பார்க்கட்டும். ஒவ்வொரு கம்பத்துக்கும் கீழே ஒரு வரலாறு புதைந்திருக்கிறது. கீழத்தஞ்சையில் நம் சனங்கள் அரிவாள் சுத்தியலுக்குப் போடுகிறார்கள் என்றால், சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்து 1940களில் சீனிவாசராவ் கட்டிய சங்கம் அதற்குள் இருக்கிறது. 1968இல் வெண்மணியில் வெந்த 44 உயிர் இருக்கிறது. கிழவர் ஒருவர் இன்னமும் கைக்குத்தான் போடுவேன் என்றால், கக்கன் மந்திரியாக இருந்த காலம் அவர் கண்ணில் இருக்கிறது. நாடு முழுக்க நடக்கிற தீண்டாமைக் கொடுமைகளைப் பதிவு செய்து 1969இல் அறிக்கை கொடுத்த இளையபெருமாள் அப்போது காங்கிரஸ்காரர்தான். இரட்டை இலைக்குப் போடுகிற அம்மாவிடம் கேட்டால், 1982இல் சத்துணவு வந்த பிறகு தன் பிள்ளை மத்தியானத்தில் பசியில்லாமல் இருந்ததைச் சொல்வார். உதயசூரியனுக்குப் போடுகிறவருக்குப் பெரியார் பேச்சைக் கேட்டு வளர்ந்த அப்பா இருந்திருப்பார்.

இந்தக் கட்சிகள் எல்லாம் நம்மை ஏமாற்றிய கதை தனியே இருக்கிறது. அதை எழுதத்தான் வேண்டும். அமைச்சரவையில் நமக்கு ஒதுக்கப்படுகிற இலாகாவிலிருந்து, வன்கொடுமை வழக்கைச் சமாதானம் பேசி முடிக்கச் சொல்கிற ஒன்றியச் செயலாளர் வரைக்கும் எழுத வேண்டும். ஆனால் நம் சனங்கள் முட்டாள்தனத்தால் அங்கே நிற்கவில்லை. ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒன்று கிடைத்தது, அதற்கு நன்றியாக நிற்கிறார்கள். அல்லது ஏதோ ஒன்றுக்குப் பயந்து நிற்கிறார்கள். அல்லது கூட்டிக் கழித்துப் பார்த்து நிற்கிறார்கள். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் ‘வெல போயிட்டாங்க’ என்று சொல்வது சோம்பேறித்தனம்.

காசு விஷயமும் அப்படித்தான். சேரிக்காரன்தான் இருநூறுக்கும் ஐந்நூறுக்கும் ஓட்டை விற்கிறான் என்று பேசாத மேடை இல்லை. பணம் பாய்ந்ததால் 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலைத் தள்ளி வைத்தார்கள். 2017இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலையே ரத்து செய்தார்கள். அந்தப் பணம் சேரிக்கு மட்டுமா போயிற்று? அக்ரகாரத்துக்கும் மாடிவீட்டுக்கும் கவர் போகவில்லையா? மாடிவீட்டில் வாங்கினால் அன்பளிப்பு, குடிசையில் வாங்கினால் விலை. இந்தக் கணக்கை நாமும் ஏன் ஒப்பிக்க வேண்டும்?

ஒரு தேர்தல் முடிந்த பிறகு, எங்கள் பக்கத்துக் காலனி ஒன்றில் மாலை நேரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். கூட வந்த தோழர் ஒருவர் நடவு வேலை செய்கிற ஒரு பாட்டியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். பாட்டி வெற்றிலையை மென்றபடியே சொன்னார்: ‘மறைப்புக்குள்ள நானும் அந்தப் பொட்டியுந்தான் தம்பி இருந்தோம். நீ எங்கிருந்து வந்த? காலைல ஆண்ட வூட்டுலயும் இதத்தான் கேட்டாங்க. அவங்களுக்கு ஒண்ணு சொன்னேன். ஒனக்கும் ஒண்ணு சொல்லட்டுமா?’ தோழர் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கின பிறகு யாருக்கும் பேச வரவில்லை. ஆண்டைக்கு ஒரு பதிலும் நமக்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருக்கிறார் என்றால், அந்தப் பாட்டி நம் இரண்டு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார் என்று அர்த்தம். நாம் கேட்கிறபோது உண்மை வர வேண்டும் என்றால் முதலில் அந்த வரிசையிலிருந்து விலகி வர வேண்டும்.

கருத்தைச் சொல்வோம், கணக்குக் கேட்க மாட்டோம்

இப்படிச் சொன்னால் ஒரு கேள்வி வரும். ‘அப்படின்னா வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா? மனுதர்மத்தைத் தூக்கிப் பிடிக்கிற கட்சிக்கு நம்ம ஆளே ஓட்டுப் போட்டா அதையும் மதிக்கணுமா?’ நியாயமான கேள்வி.

வாயை மூடச் சொல்லவில்லை. கட்சியை நார் நாராகக் கிழிக்கலாம். அதன் தத்துவத்தை, அதன் தலைவர்கள் பேசியதை, அது ஆண்ட இடங்களில் நமக்கு நடந்ததை ஆண்டு, தேதி, ஊர் சொல்லி எடுத்து வைக்கலாம். ‘என் ஓட்டு இவருக்கு, இன்ன காரணத்துக்காக’ என்று சுவரில் எழுதலாம், மேடையில் சொல்லலாம், சாப்பாட்டு நேரத்தில் அப்பாவோடு சண்டை போடலாம். இதெல்லாம் அரசியல். அந்தக் கட்சிக்குப் போட்ட சொந்தக்காரனை நல்லது கெட்டதில் ஒதுக்கி வைப்பது அரசியல் அல்ல. அது ஊர்க்கட்டுப்பாடு. ஊர்க்கட்டுப்பாட்டினால் தண்ணீருக்கும் சவ ஊர்வலத்துக்கும் வழி மறிக்கப்பட்டவர்கள் நாம். அந்த ஆயுதத்தை நம் தெருவுக்குள் நாமே எடுத்து வரலாமா?

மதிப்பதற்கு ஓர் எல்லையும் இருக்கிறது. ஓட்டு ஒருவரின் முடிவு, அதை மதிக்கலாம். ஓட்டின் பேரால் குடிசைக்குத் தீ வைப்பது முடிவு அல்ல, குற்றம். வேலைக்கு வராதே என்பது கருத்து அல்ல, மிரட்டல். பொன்பரப்பியில் பானை உடைத்தவன் ‘என் கருத்து’ என்று சொல்லித் தப்ப முடியாது. அதேபோல வீட்டுக்குள், பெண்டாட்டி கையைப் பிடித்து ‘இதுலதான் அமுக்கணும்’ என்று சொல்லி அனுப்புகிற தோழரும் புரட்சி பேசித் தப்ப முடியாது. சேரிக்குள்ளே இருக்கிற பெண்ணின் ஓட்டும் சேரியின் ஓட்டுத்தான். அவள் புருஷன் ஓட்டின் இரண்டாவது பிரதி அல்ல அது.

யாருக்கும் போட விருப்பமில்லை என்கிறவர்களும் நம்மிடையே உண்டு. முன்பெல்லாம் அதைச் சாவடியிலேயே சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். உட்கார்ந்திருக்கிற ஏஜென்டுகள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம், யாருக்கும் போடாத முடிவுக்கும் ரகசியம் வேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகுதான் இயந்திரத்தில் ‘நோட்டா’ பொத்தான் வந்தது. 1999 வரைக்கும் புறக்கணிப்பைச் சொன்னவர்களும், அதற்கு முன்பே தேர்தலில் நின்றவர்களும் ஒரே இயக்க வரலாற்றில்தான் இருக்கிறார்கள். அன்றைக்குப் புறக்கணிப்பு வேண்டாம் என்று சொன்னவரைத் துரோகி என்று ஒதுக்கியிருந்தால், 1999இல் முடிவு மாறியபோது எந்த முகத்தோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருப்போம்?

ஆகவே செய்ய வேண்டிய வேலையைச் சொல்லி முடிக்கலாம். தேர்தலுக்கு முந்தின மாதத்தில் நம் தெருவில் ஒரு கூட்டம் போடுவோம். எல்லாக் கட்சியிலும் இருக்கிற நம் ஆட்களையும் கூப்பிடுவோம். பஞ்சமி நிலத்துக்கு, உள்ளாட்சியில் நம் தலைவர்களுக்கு நாற்காலி கொடுப்பதற்கு, வன்கொடுமை வழக்குகளுக்கு உங்கள் கட்சி என்ன செய்தது என்று வேட்பாளரிடமும் கட்சிக்காரரிடமும் கேட்போம். கணக்குக் கேட்க வேண்டிய இடம் அதுதான். பெண்கள் கேட்கட்டும், கிழவிகள் கேட்கட்டும். ஓட்டுப்பதிவு நாளில் யாரும் யாரையும் மறிக்காமல் சாவடி வரைக்கும் துணைக்குப் போவோம், அவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும். இயந்திரங்களின் ஓட்டைக் கலந்து எண்ணு என்ற கோரிக்கையை நம் மாநாட்டுத் தீர்மானங்களில் சேர்ப்போம். மறுநாள் காலையில் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டோம். வேலை இருக்கிறது. பட்டாவுக்கு மனுக் கொடுக்கப் போக வேண்டும். அந்தக் கூட்டத்தில் நமக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறவர், நேற்று வேறு சின்னத்துக்குப் போட்டவராகக்கூட இருப்பார்.